மூழ்கிய கப்பல்களுக்குள் செல்வோர்க்கு வேண்டிய பயிற்சி

கடலடியில் கிடக்கும் கப்பல்கள் பலவகையினருக்குப் பயன்படுகின்றன. வரலாற்றறிஞர்க்கு அவை பழங்கால வாணிகத்தின் சான்று; உயிரியலறிஞர்க்குப் பவளமும் மீனும் குடியேறும் புதியதோர் உறைவிடம்; சுற்றுலாப் பயணிக்கு வியப்புக் காட்சி. முற்காலத்தில் கடற்படையினரும் கப்பல் மீட்போருமே இத்தகைய இடங்களுக்குச் சென்றனர். இன்றோ, அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்லும் மாணவர்களும் இளைஞர்களும் காற்றுச் சிலிண்டரைத் தோளிற் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகின்றனர். கடற்கரைப் பகுதிகளிற் பணிபுரியும் களப்பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் நோக்கி, "இதனை எவ்வாறு கற்பது? இதில் ஆபத்து உண்டா?" என்று அவர்கள் வினவுதல் இயல்பே. அவ்வினாக்களுக்கு விடை கூறுதற்கு வேண்டிய அடிப்படைச் செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கருவியும் அதன் இயல்பும்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த குளியாள்கள், மேலே இழுத்த ஒரே மூச்சைக் கொண்டு கடலடிக்குச் சென்று திரும்பினர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜாக் குஸ்தோ, எமில் கான்யான் ஆகிய இருவரும் அமைத்த கருவி இந்நிலையை மாற்றியது. சிலிண்டரில் மிகுந்த அழுத்தத்துடன் அடைக்கப்பட்ட காற்றை, மூழ்குவோர் மூச்சிழுக்கும்போது மட்டும், அவரைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் இக்கருவியின் ரெகுலேட்டர் வாயிற் செலுத்துகிறது. இம்முறை இன்று ஸ்கூபா என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது.

குளியாளுக்கும் ஸ்கூபா மூழ்குவோர்க்கும் உள்ள வேறுபாட்டை இங்குத் தெளிவாக அறிதல் வேண்டும். குளியாளின் நுரையீரலில் உள்ள காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவையே அடைகிறது. ஸ்கூபா மூழ்குவோரோ, ஆழத்திலேயே புதிய காற்றை நிறைய இழுத்துக்கொள்கிறார். அவர் மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எனவே, எந்நிலையிலும் மூச்சை அடக்கலாகாது என்பது இக்கலையின் முதற் பாடமாகும்.

ஆழமும் காற்றும்

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வாயுமண்டல அழுத்தம் உள்ளது. கடல்நீரில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும். ஆகவே, 10 மீட்டரில் 5 லிட்டராக உள்ள காற்று மேற்பரப்பில் 10 லிட்டராகும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது பருமன் மூன்றிலொரு பங்கே கூடுகிறது. கடைசிப் 10 மீட்டரிலோ இருமடங்காகிறது. மேற்பரப்பை அணுக அணுக மிக மெதுவாக ஏற வேண்டுமென்பதன் காரணம் இதுவே.

இவ்விதி காற்றின் செலவையும் கட்டுப்படுத்துகிறது. 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 வாயுமண்டல அழுத்தத்தில் காற்று இருப்பதாகக் கொள்வோம். மேற்பரப்பில் அது 2,400 லிட்டர் காற்றாகும். ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பாரானால், அது நீடிக்கும் காலம் பின்வருமாறு அமையும்:

மேற்பரப்பில் — 120 நிமிடம்
10 மீட்டரில் — 60 நிமிடம்
20 மீட்டரில் — 40 நிமிடம்
30 மீட்டரில் — 30 நிமிடம்

அச்சமுற்றவர் இருமடங்கு வேகமாகச் சுவாசிப்பின், 30 மீட்டரில் அதே சிலிண்டர் 15 நிமிடத்திற்கே போதும். அமைதியான மனம் இங்கே வெறும் நற்பண்பு அன்று. அது காற்றின் அளவையே மாற்றும் ஒரு காரணியாகும்.

உடலில் கரையும் நைட்ரஜன்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகும்போது அது குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைப் போல, உடலுக்குள் குமிழிகள் தோன்றுகின்றன. மூட்டுவலி, உணர்ச்சியின்மை, பக்கவாதம், சில வேளைகளில் மரணம் ஆகியன இதனால் விளைகின்றன. பிரெஞ்சு அறிஞர் பால் பெர் இதன் காரணத்தை 1878-இல் விளக்கினார். பிரிட்டிஷ் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் ஆடுகளின்மீது சோதனை செய்து, படிப்படியாக மேலேறுவதற்குரிய அட்டவணைகளை 1908-இல் வெளியிட்டார்.

இன்று பொழுதுபோக்கு மூழ்கலில் நிமிடத்திற்கு சுமார் 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவதும் வழக்கமாக உள்ளன. விமானத்தில் அழுத்தம் குறைவாதலால், ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழிந்த பின்னரே பறக்க வேண்டுமென்பது பொதுவான அறிவுரை. தீவுகளிலிருந்து விமானத்தில் திரும்பும் பயணிகள் இதனை மறத்தலாகாது.

30 மீட்டருக்கு அப்பால் நைட்ரஜன் மதுவைப்போல மயக்கத்தையும் விளைவிக்கும். மயங்கியவர் தாம் மயங்கியிருப்பதை உணரார். அளவுமானியைப் பார்த்தும் அதன் பொருளை அறியாது நிற்பவரும் உண்டு.

கப்பலின் உட்புறம்

மேற்கூறிய இடர்கள் எல்லா மூழ்கலுக்கும் பொதுவானவை. கப்பலுக்குள் நுழைவோர்க்கு மற்றுமோர் இடர் சேர்கிறது. திறந்த கடலில் எத்துன்பம் நேரினும், மெல்ல மேலே ஏறினால் காற்றை அடையலாம். கப்பலுக்குள் தலைக்கு மேலே இரும்புத் தளம் உள்ளது. வந்த வழியே வெளியேறிய பின்னரே மேலேற இயலும்.

அவ்வழியைக் காண்பதும் எளிதன்று. அறைகளில் நுண்ணிய வண்டலும் துருவும் படிந்திருக்கும். துடுப்புக் காலணியின் ஓர் உதையில், அல்லது மேலே எழும் காற்றுக் குமிழிகள் கூரையிலுள்ள துருவைத் தட்டுவதனால், தெளிந்த நீர் சில நொடிகளிற் கலங்கிவிடும். அதன்பின் டார்ச் விளக்கின் ஒளி பனிமூட்டத்திற் பட்ட ஒளிபோலத் திரும்பிவரும். சாய்ந்து கிடக்கும் கப்பலில் சுவர் தளமாகவும், கதவு கூரையிலுள்ள துளையாகவும் தோன்றுவதால் திசையுணர்வும் கெடும். அறுந்த கம்பிகளும், சிக்கிய மீன்வலைகளும், கூரிய தகடுகளும் எங்கும் இருக்கும்.

இதற்கோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் புளோரிடாவில் கீ லார்கோ அருகே கிடக்கும் ஸ்பீகல் குரோவ் என்னும் கப்பல். 155 மீட்டர் நீளமுள்ள இப்பழைய கடற்படைக் கப்பல், செயற்கைப் பாறைத்திட்டாக அமையும்பொருட்டுத் தூய்மை செய்யப்பட்டு, 2002 மே மாதத்தில் சுமார் 40 மீட்டர் ஆழமுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஒருபுறமாகக் கிடந்த அதனை, 2005 ஜூலையில் டென்னிஸ் என்னும் சூறாவளி நிமிர்த்திவிட்டது. இத்துணைப் பெரிய கப்பலே நிலை மாறுமாயின், சென்ற ஆண்டு வரைந்த வழிப்படத்தை இவ்வாண்டு நம்ப இயலாது. 2007 மார்ச்சில் அனுபவமிக்க மூவர் இக்கப்பலின் உட்பகுதியில் வெகுதொலைவு சென்று உயிரிழந்தனர். மூழ்குவோர்க்கெனவே ஆயத்தம் செய்யப்பட்ட கப்பலிலும், அனுபவமுடையோர்க்கும் இவ்வாறு நேரக்கூடும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

திரும்பும் நேரத்தைக் கணக்கிடுதல்

இவ்விடரை எதிர்கொள்ளப் பயன்படும் முதல் துணை வழிக்கயிறு. அதன் ஒரு முனையைக் கப்பலுக்கு வெளியே, மேலேறக்கூடிய இடத்திற் கட்ட வேண்டும். வாயிலின் உட்புறத்தே மீண்டும் ஒருமுறை கட்ட வேண்டும். பின்னர்க் கயிற்றைத் தளரவிடாது உள்ளே செல்ல வேண்டும். நீர் கலங்கினால் கண்ணை நம்பாது, கயிற்றைக் கையால் தொட்டவாறே வெளியேறலாம். ஒவ்வொருவரும் முதன்மை விளக்கு ஒன்றும் மாற்று விளக்குகள் இரண்டும், வலையை அறுக்கும் கத்தியும் கொண்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது துணை மூன்றிலொரு பங்கு விதி. காற்றில் ஒரு பங்கைக் கொண்டு உள்ளே செல்க. ஒரு பங்கைக் கொண்டு வெளியே வருக. எஞ்சிய பங்கை இடர்க்காலத்திற்கு வைத்திருக்க என்பது இவ்விதி. இது தாராளமான ஏற்பாடு எனச் சிலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். இருவர் தலா 200 அலகு காற்றுடன் நுழைகின்றனர். 66 அலகு செலவானவுடன் திரும்ப முடிவு செய்கின்றனர். அந்நேரத்தில் ஒருவரது கருவி பழுதாகிறது. மற்றவரிடம் உள்ளது 134 அலகு. இருவரும் வெளியேற 66 வீதம் 132 அலகு வேண்டும். எஞ்சுவது 2 அலகு மட்டுமே! நீர் கலங்கி வேகம் குறைந்தாலோ, அச்சத்தால் மூச்சு மிகுந்தாலோ அதுவும் போதாது. மேலேறுவதற்குரிய காற்றும் இக்கணக்கிற் சேரவில்லை.

ஆகவே, இறங்கவும் ஏறவும் வேண்டிய காற்றை முதலிற் கழித்து, எஞ்சியதையே மூன்றாகப் பகுக்க வேண்டும். 50 அலகைக் கழித்தால், உள்ளே செல்லும் பயணத்திற்கு 66-க்கு மாறாக 50 அலகே கிடைக்கும். மூன்றிலொரு பங்கு என்பது மேல்வரம்பு. புதியவர்கள் அதனினும் குறைந்த பங்கிலேயே திரும்புதல் வேண்டும்.

பயிற்சியின் படிகள்

பயிற்சிக்கு முன் மருத்துவச் சோதனை இன்றியமையாதது. ஆஸ்துமா, காதுநோய், இதயநோய், வலிப்பு ஆகியவை உள்ளோர் மருத்துவரின் இசைவின்றி இறங்கலாகாது. 1959-இல் தோன்றிய உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பு, 1966-இல் தோன்றிய பாடி ஆகியன போன்ற அமைப்புகள் பயிற்சி நெறிகளை வகுத்துச் சான்றிதழ் வழங்குகின்றன. பாடி நெறியில் தொடக்கச் சான்றிதழ் 18 மீட்டர் வரையிலும், அடுத்த நிலை 30 மீட்டர் வரையிலும் செல்லத் தகுதியளிக்கிறது. பொழுதுபோக்கு மூழ்கலின் இறுதி எல்லை 40 மீட்டர். அதற்குப் பின்னரும் கப்பல் மூழ்கலுக்கெனத் தனிப்பயிற்சி உண்டு. அதில் வழிக்கயிறு இடுதலை முதலில் தரையில் பழகி, பின்னர்க் கப்பலின் வெளிப்புறத்தே பழகி, அதன் பின்னரே ஆசிரியருடன் உள்ளே நுழைவர். அப்போதும் வெளியொளி தெரியும் தொலைவுக்கு அப்பாற் செல்வதில்லை. மேற்பரப்பிலிருந்து ஆழமும் உள்தொலைவும் சேர்ந்து 40 மீட்டரைக் கடவாதிருக்க வேண்டும். 30 மீட்டர் ஆழத்திலுள்ள வாயிலின் வழியே 10 மீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது இதன் பொருள்.

சில கப்பல்கள் இவ்வெல்லைக்கே அப்பாற்பட்டவை. இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திற் கிடக்கிறது. தொழில்நுட்ப மூழ்கல் எனப்படும் உயர்பயிற்சி பெற்றோர்க்கே அது உரியது.

சுற்றுலா இடங்களில் ஒரே நாளில் நடத்தப்பெறும் அறிமுக மூழ்கலைப் பயிற்சியென எண்ணலாகாது. அது ஆசிரியரின் கைப்பிடிக்குள் நிகழும் அனுபவமேயன்றி, தனித்து மூழ்கவோ கப்பலுக்குள் நுழையவோ தகுதி தருவதன்று.

கண்டதை எடுக்கலாகாது

பூம்புகார்க் கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்த கப்பலில், 1791, 1792 ஆகிய ஆண்டுகள் பொறித்த ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றின் ஆண்டும் கிடந்த இடமும் சேர்ந்தே அக்கப்பலின் காலத்தை அறிய உதவின. இடம் மாறிய பொருள் சான்றாகும் தன்மையை இழந்துவிடும். போர்க்கப்பல்களில் வெடிக்காத குண்டுகளும் இருக்கலாம். எனவே, எதனையும் தொடாது, கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தலே முறை. மீனவர் வலையிற் சிக்கும் பழம்பொருள்களுக்கும் இது பொருந்தும் என்பதைக் களப்பணியாளர் எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

மூழ்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கேட்டறியுமாறு கூறுக: ஆசிரியரின் சான்றிதழ் நடப்பில் உள்ளதா? மருத்துவப் படிவம் கேட்கப்பட்டதா? படகில் முதலுதவிக்குரிய பிராணவாயு உள்ளதா? அழுத்த அறைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை அருகில் எங்குள்ளது? திரும்பவேண்டிய அழுத்த அளவு இறங்குமுன்னரே கூறப்பட்டதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்காவிடின், அன்று இறங்காதிருத்தலே நன்று.

வகுப்பறையில் ஊசியில்லாத மருந்துக் குழலின் முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்தியும் தளர்த்தியும் பாயில் விதியைக் காட்டலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு மேசை நாற்காலிகளினூடே கட்டிய கயிற்றைத் தொட்டவாறு வெளியேறச் செய்து, வழிக்கயிற்றின் பயனை உணர்த்தலாம்.

மாணவர்க்குரிய வினாக்கள்:

1. 10 லிட்டர் சிலிண்டரில் 180 வாயுமண்டல அழுத்தத்தில் காற்று உள்ளது. நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர்க்கு 20 மீட்டர் ஆழத்தில் அது எத்துணை நேரம் போதும்? (விடை: 30 நிமிடம்)

2. கப்பலின் வாயில் 26 மீட்டர் ஆழத்தில் உள்ளது. உள்ளே எத்துணைத் தொலைவு செல்லலாம்? (விடை: 14 மீட்டருக்கு மேற்படாது, அதற்குள் வெளியொளி மறையுமாயின் அங்கேயே திரும்ப வேண்டும்)

3. சிலிண்டரில் பாதிக் காற்று எஞ்சியிருக்கும்போது திரும்புவது ஏன் தவறு? (விடை: துணைவரின் கருவி பழுதானால் இருவர்க்கும் வேண்டிய காற்று இராது)