டர்போவின் எண்ணெய் வடிகுழாய்: எந்த ஹோஸ் பொருத்துவது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. "டர்போ போய்விட்டது சார்" என்றார் மெக்கானிக். நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். பெரிய தொகை கொடுத்துப் புது டர்போ பொருத்தினோம். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே புகை!

இந்த முறை அடியில் இருந்த வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே புத்தம் புதியது போல இருந்தது. உள்ளே சுண்டு விரல்கூட நுழையவில்லை. பழைய ஹோஸ் வெடித்தபோது யாரோ ஒரு துண்டு ரேடியேட்டர் ஹோஸை மாட்டியிருக்கிறார்கள். டீசல் ஷெட்டில் காலம் கழித்த நான் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு மெல்லிய குழாய் வழியே செல்கிறது. அங்கே அதிவேகமாகச் சுழலும் தண்டைத் தாங்கி, சூட்டையும் வாங்கிக்கொண்டு, நுரைத்து வெளியே வருகிறது. வெளியே தள்ள அழுத்தம் கிடையாது. தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும். ஆகவேதான் வடிகுழாய் உள்குழாயைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கிறது. அது அடைபட்டால் எண்ணெய் தேங்கி, தண்டின் வளையங்களைத் தாண்டிப் புகைப் பக்கமும் காற்றுப் பக்கமும் கசியும். டர்போ நன்றாக இருந்தாலும் நீலப் புகைதான்.

இனி ரப்பர் வகைகளைப் பார்ப்போம்.

1. ஈ.பி.டி.எம்.: ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் இதுதான். வெந்நீரைத் தாங்கும், எண்ணெயில் ஊறி வீங்கும். வெளியே நூல் பின்னல் இறுக்கிப் பிடிப்பதால் உள்பக்கமாகவே வீங்கி வழியை அடைக்கும். இங்கே ஆகவே ஆகாது.

2. நைட்ரைல்: எண்ணெய்க்கு நல்லது. ஆனால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். டர்போவிலிருந்து வடியும் எண்ணெய் இதைத் தாண்டக்கூடும். நாளடைவில் இறுகி வெடிக்கும்.

3. சிலிக்கன்: சுமார் 200 டிகிரி தாங்கும். பார்வைக்கும் அழகு. ஆனால் சாதாரண சிலிக்கன் சூடான எண்ணெயில் மென்மையாகி வியர்க்கும். உட்சுவரில் ஃப்ளூரோ சிலிக்கன் பூசியதையே கேட்டு வாங்க வேண்டும்.

4. வைட்டான் எனப்படும் ஃப்ளூரோ ரப்பர்: எண்ணெய், சூடு இரண்டையும் சுமார் 200 டிகிரி வரை தாங்கும். விலை அதிகம், வடிகுழாய்க்கு மிகப் பொருத்தம்.

5. டெஃப்லான்: மேலே எவர்சில்வர் கம்பிப் பின்னலோடு வரும். 250 டிகிரி அளவிலும் கலங்காது. ஆனால் விறைப்பானது, அதிகம் வளைத்தால் மடிந்து வழி அடைபடும். சாதாரண கிளிப் போட்டு இறுக்கக் கூடாது; அதற்குரிய முனைகளோடு வாங்க வேண்டும்.

இடம் இருந்தால் எஃகுக் குழாயே சிறந்தது. எஞ்சின் அதிர்வுக்காக நடுவில் சிறு துண்டு ஹோஸ் மட்டும் போதும்.

நல்ல ஹோஸ் வாங்கினாலும் பொருத்துவதில் கவனம் தேவை. குழாய் எங்கும் தொய்யாமல் நேராகக் கீழே சரிய வேண்டும். சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். உள்விட்டத்தைக் குறைக்கக் கூடாது. ஃபிளாஞ்சில் பசையை அள்ளிப் பூசினால் அது பிதுங்கி உள்ளே வழியை மறைக்கும். புகைக்குழாயிலிருந்து எட்டத் தள்ளிக் கட்டவும். முழுச் சுமையில் புகைப் பக்கம் 500 டிகிரியைத் தாண்டும். வெடித்த ஹோஸிலிருந்து எண்ணெய் அதன் மேல் சிந்தினால் தீப்பற்றும். ஜெனரேட்டர் அறைக்கு மேலே குடும்பங்கள் குடியிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கம்: எஞ்சினை நிறுத்துமுன் சுமையை எடுத்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். டர்போவின் சூடு தணியும், எண்ணெய் கருகாது, ஹோஸின் ஆயுளும் கூடும்.

எங்கள் ஜெனரேட்டரில் சரியான ஹோஸை மாட்டினோம், புகை நின்றது. கழற்றிப் போட்ட பழைய டர்போவைச் சோதித்தோம். அதில் ஒரு குறையும் இல்லை! ஆகவே அன்பர்களே, யாராவது டர்போவை மாற்றச் சொன்னால், முதலில் வடிகுழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்.