பூட்டு மட்டும் போதாது: கதவு நிலவில் இருக்கும் தகட்டையும் கவனியுங்கள்!

2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும், 2025-ல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெரியவர்களை நினைத்துக் கவலைப்படாத குடும்பம் கொங்கு நாட்டில் குறைவு. உடனே பூட்டை மாற்றத் தோன்றும். ஆனால், உள்பக்கம் திறக்கும் கதவை ஓங்கி உதைத்தால், பெரும்பாலும் முதலில் பெயர்வது பூட்டின் நாக்கு போய் உட்காரும் 'ஸ்ட்ரைக் பிளேட்'தான். நிலவில் (கதவு நிலையில்) பதித்த அந்தச் சின்னத் தகட்டைப் பலப்படுத்தச் சில குறிப்புகள்:

1. முதலில் திருகைப் பாருங்கள். தகட்டோடு பெரும்பாலும் முக்கால் அங்குலத் திருகுதான் வரும். அதைக் கழற்றிவிட்டு, மரத்தின் கனத்துக்கு ஏற்ப 2 முதல் 2½ அங்குல ஸ்டீல் திருகு போடுங்கள். மெல்லிய பிட்டால் முன்கூட்டியே துளையிட்டால் மரம் பிளக்காது.

2. இடத்துக்கு ஏற்ற தகடு வாங்குங்கள்.
தட்டைத் தகடு: இரண்டே திருகு. உள் அறைகளுக்குப் போதும்.
உதடு வைத்த தகடு: சாத்தும்போது ஸ்பிரிங் நாக்கு நிலவை உரசாமல் உள்ளே விழ உதவும். அதைத் தாண்டிப் பாதுகாப்பு தராது.
பெட்டித் தகடு: பின்னால் இரும்புக் கூடு இருக்கும். நாக்கைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும்.
நீளத் தகடு: நான்கு முதல் ஆறு திருகு. உதையின் வேகத்தை நிலவின் நீளத்துக்குப் பரப்பிவிடும்.
தலைவாசலுக்குப் பெட்டியும் நீளமும் சேர்ந்த தகடே நல்லது.

3. நாக்கு முழுதாக இறங்க வேண்டும். ஒரு அங்குல நாக்குக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் குழி வேண்டும். நாக்கின் முனையில் குங்குமம் தடவிப் பூட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

4. ஐப்பசி மழையில் கதவு உப்பினாலோ, கீழே இறங்கினாலோ தகட்டின் ஓட்டையை அரம் போட்டு அகலமாக்காதீர்கள். அப்புறம் கதவு ஆடும். முதலில் கீலின் திருகுகளை இறுக்குங்கள். பிறகு தேவையென்றால் தகட்டை இடம் மாற்றுங்கள்.

5. இரட்டைக் கதவில் தகடு நிலவில் இருக்காது. மற்றொரு கதவில்தான் இருக்கும். அந்தக் கதவின் மேல், கீழ்த் தாழ்ப்பாள்கள் ஆழமாக இறங்காவிட்டால் எவ்வளவு நல்ல தகடும் வீண்.

6. நிலவைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கறையான் தின்றிருக்கலாம்; திருகு பிடிக்காது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வைரம் பாய்ந்த மரத்துண்டு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். நிலவே சுவரில் ஆடினால் கொத்தனாரை அழைத்து அதைச் சரிசெய்த பிறகு தகட்டுக்கு வாருங்கள்.

7. கடையில் சரியான அளவு கிடைக்கவில்லையா? கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கத்துப் பட்டறைகளில் அளவு கொடுத்து, 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெட்டி வாங்கலாம். திருகுத் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் போடாமல் சற்று விலக்கிப் போடச் சொல்லுங்கள். மரம் ஒரே கோட்டில் பிளக்காது.

8. எவ்வளவு பலமாகப் பூட்டினாலும், நெருப்பு போன்ற ஆபத்தில் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வழி வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியவரையே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைக்குச் சிரமமாக இருந்தால் தச்சரை அனுப்பாமல், அப்போதே சரிசெய்து வாங்குங்கள்.