வீடு கட்டக் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் தம் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய கொள்முதல் அவருடைய வீடுதான். ஒரு மூடை வற்றல் வாங்கினால் வாயைப் பிரித்துக் கைவிட்டுப் பார்க்கிறோம், தராசில் ஏற்றுகிறோம், பட்டியலைச் சரிபார்க்கிறோம், தவணை எத்தனை நாள் என்று பேசிக்கொள்கிறோம். அதே நாம், இருபது முப்பது லட்சம் ரூபாய் வேலையை வாய்ப்பேச்சில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கேட்கும்போதெல்லாம் கல்லாவைத் திறந்து கொடுக்கிறோம்.

இதில் ஆபத்து வீட்டுக்கு மட்டும் அல்ல. சம்பளக்காரர் வீடு பாதியில் நின்றால் அவருக்கு மனக்கஷ்டம், வாடகைக் கஷ்டம். வியாபாரி வீடு பாதியில் நின்றால் கடையும் சேர்ந்து ஆடும். கட்டடத்துக்காகக் கடை முதலில் கைவைத்தால் சரக்குக் குறையும். சரக்குக் குறைந்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும். மொத்தக் கடைக்குத் தவணை தவறும். தவணை தவறினால் கடன் சரக்கு நின்றுபோகும். எனவே வீட்டுக் காண்ட்ராக்டையும் ஒரு கொள்முதலாகவே நடத்த வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம்.

ஆளை விசாரிப்பது

காண்ட்ராக்டரைப் பற்றி விசாரிக்க மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி வியாபாரிகளாகிய நமக்கு உண்டு. சிமெண்டு கடைக்காரரும், கம்பிக் கடைக்காரரும், பெயிண்ட் கடைக்காரரும் நம்மோடு சங்கத்தில் உட்காருகிறவர்கள். "இவர் பட்டுவாடா எப்படி?" என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் பழைய பாக்கி நிற்கும் காண்ட்ராக்டரிடம் நீங்கள் கொடுக்கும் முன்பணம் உங்கள் அஸ்திவாரத்துக்குப் போகாது. முந்தின வீட்டின் கடனை அடைக்கப் போகும். அப்புறம் உங்கள் வீட்டை முடிக்க, அடுத்து ஒருவர் முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அவர் கட்டிய மூன்று வீடுகளையாவது நேரில் பாருங்கள். ஒன்று இப்போது வேலை நடப்பது. ஒன்று சமீபத்தில் முடிந்தது. ஒன்று ஐந்து ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்டது. மூன்றாவதுதான் முக்கியம். சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிக் கைப்பிடிச் சுவர், குளியலறைக்கு வெளிச்சுவர் ஆகியவற்றைப் பார்த்தால் வேலையின் யோக்கியதை தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி போதும்: சொன்ன தேதிக்கு முடித்தாரா? பேசியதற்கு மேல் எவ்வளவு கேட்டார்? ஒழுகுகிறது என்று கூப்பிட்டபோது வந்தாரா?

"நம்ம ஆளுதானே, எழுத்து எதற்கு?" என்று சொந்தக்காரரிடம் விட்டுவிடுவோரும் உண்டு. சொந்தம் நிலைக்க வேண்டுமானால்தான் எழுத்து அவசியம். கணக்கில்லாத இடத்தில் மனஸ்தாபம் வந்தே தீரும்.

ஒப்பந்த வகைகள்

முதல் வகை, கூலி ஒப்பந்தம். பொருள் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும், ஆள் அவருடையது. பொருளின் தரம் நம் கையில் இருக்கும். ஆனால் மணல் எப்போது தீரும், கம்பி எப்போது வேண்டும் என்று தினமும் பார்க்க ஆள் வேண்டும். கடையில் உட்காருகிறவருக்கு இது சிரமம்.

இரண்டாவது, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுரடிக் கணக்கு. நம் ஊர்களில் அதிகம் நடப்பது இதுதான். நிம்மதி அதிகம், ஆனால் எழுதாத ஒவ்வொன்றும் பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்று வந்து நிற்கும்.

மூன்றாவது, வேலைவாரி அளவுக் கணக்கு. கான்கிரீட் இத்தனை கன அடி, பூச்சு இத்தனை சதுரடி என்று முடிந்த வேலையை அளந்து பணம் கொடுப்பது. நியாயமான முறை, அளக்கத் தெரிந்த என்ஜினீயர் கூட இருக்க வேண்டும்.

எந்த வகையானாலும், காண்ட்ராக்டரைச் சேராத ஒரு என்ஜினீயரை நீங்களே அமர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துச் சொல்ல வையுங்கள். சரக்கு அனுப்புகிறவரே எடையாளராகவும் இருந்தால் எப்படி?

விலையை ஒப்பிடுவது

உதாரணத்துக்கு, 1,000 சதுரடி வீட்டுக்கு ஒருவர் சதுரடி 2,100 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 2,300 என்கிறார். வித்தியாசம் 2 லட்சம். முதலாமவரே மலிவு என்று தோன்றும். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவர், மின் இணைப்பு ஆகியவை யாருடைய விலையில் அடக்கம் என்று கேளுங்கள். போர்டிகோவையும் படிக்கட்டையும் எப்படி அளப்பார் என்றும் கேளுங்கள். பல வேளைகளில் மலிவு விலை, பட்டியல் முடியும்போது கூடுதல் விலையாகிவிடும். இருவருக்கும் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்து விலை கேட்பதே முறை. சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டை ஒருவர் நீட்டினால் திருத்தச் சொல்லுங்கள்.

கடற்கரைக்கென்று எழுத வேண்டியவை

தூத்துக்குடியின் பழைய வீடுகள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழும்பியவை. அந்தச் சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. பவளத்தை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு நேர்ந்த சேதம் பெரிது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. இன்று நாம் கட்டுவது கம்பி வைத்த கான்கிரீட். உப்பு கம்பியை எட்டினால் துரு ஏறும். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதைத் தடுக்க மூன்று காரியங்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒன்று, தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கலவைக்கும் ஆகாது, கான்கிரீட் நனைக்கவும் ஆகாது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு உதவும் தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். லாரித் தண்ணீர் வேண்டுமானால் அதற்குப் பணம் யார் என்று எழுதுங்கள்.

இரண்டு, கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு அதே விதி எம்30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனமும் கேட்கிறது. கடற்கரைப் பகுதியானாலும் உப்புக்காற்று படாத மறைவான இடத்துக்கு எம்25, 30 மில்லிமீட்டர். உங்கள் மனை எந்த வகை என்று என்ஜினீயர் எழுதித் தரட்டும். கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லியைச் சொருகாமல், அளவான கவர் பிளாக் வைக்க வேண்டும்.

மூன்று, நீர் கட்டுதல். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், 14 நாள் என்றால் இன்னும் நல்லது. மேஸ்திரி மூன்றாம் நாளே அடுத்த வேலைக்குப் போய்விடாதபடி எழுதி வையுங்கள்.

தரைமட்ட உயரத்தையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவானது. உங்கள் தெருவில் அன்று தண்ணீர் எங்கே நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேலே தரைமட்டத்தை வையுங்கள். பிற்பாடு உயர்த்த முடியாதது அது ஒன்றுதான்.

தராசு நம் தொழில்

கம்பியின் எடையைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 890 கிராம். 12 மீட்டர் நீளம் சுமார் 10 கிலோ 670 கிராம். 8 மில்லிமீட்டர் என்றால் சுமார் 4 கிலோ 740 கிராம். சிறு ஏற்றத்தாழ்வுக்குத் தர விதியிலேயே இடம் உண்டு. 12 மில்லிமீட்டருக்கு அது 5 விழுக்காடு. அதற்குமேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சிமெண்டு மூடையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். நம் ஊர்க் காற்றில் சீனி மூடை கட்டிதட்டுவதை அறிந்த நமக்கு, சிமெண்டு ஏன் புதிதாக இருக்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

பணம் வேலைக்குப் பின்னால்

எல்லாவற்றிலும் முக்கியம் இது. பணம் எப்போதும் முடிந்த வேலைக்குப் பின்னால் நடக்க வேண்டும். முன்னால் ஓடக் கூடாது. 22 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் என்றால் இப்படிப் பிரிக்கலாம்:

ஒப்பந்தம் எழுதியதும் – 1,10,000
அஸ்திவாரம், பேஸ்மட்டம் முடிந்ததும் – 3,30,000
லிண்டல் மட்டம் வந்ததும் – 4,40,000
தளம் போட்டு நீர் கட்டி முடிந்ததும் – 5,50,000
பூச்சு வேலை முடிந்ததும் – 3,30,000
தரை, மின்சாரம், குழாய், வண்ணம் முடித்துச் சாவி தந்ததும் – 3,30,000
ஒரு மழைக்காலம் கழிந்த பின் – 1,10,000

கடைசித் தொகைதான் ஒழுகலுக்குப் பிணை. நடுவில் "கம்பி விலை ஏறப்போகிறது, இப்போதே கொடுங்கள்" என்றால், பணத்தை அவர் கையில் தராமல் கம்பிக் கடைக்கு நேராகக் கொடுத்து, பட்டியலை வாங்கி அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனிப் பேரேடும் வையுங்கள். வங்கி வழியாகவே பணம் போகட்டும். ஒரே காரியத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டப்படி குற்றம். சொந்த வீட்டுக்கு வாங்கிய சிமெண்டைக் கடை பெயரில் பட்டியல் போட்டு ஜி.எஸ்.டி. வரவு எடுப்பதும் கூடாது.

எழுத்தும் சட்டமும்

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, வரைபடம், பொருள் பட்டியல், தவணை, முடிக்கும் தேதி, தாமதத்துக்குத் தண்டம், வேலையாட்களுக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றைச் சேர்த்து இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திடுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் முதலில் விலை எழுத வேண்டும், பிறகே செய்ய வேண்டும். வேலையை நிறுத்திவிட்டால் எத்தனை நாள் அறிவிப்பில் வேறு ஆளை அமர்த்தலாம் என்பதும் இருக்கட்டும்.

2,500 சதுரடி வரை மனையில் 3,500 சதுரடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி பெறும் வசதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. "பிளானை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காண்ட்ராக்டர் சொன்னாலும், சான்று தருபவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையதே. படித்துப் பார்த்து ஒப்பமிடுங்கள்.

தகராறு வந்தால் வழி உண்டு. வீடு கட்டித் தருவது ஒரு சேவையே என்று 1993 நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். ஆனால் அங்கே பேசுவது எழுத்தும் ரசீதும்தான்.

நல்ல காண்ட்ராக்டருக்கு இவையெல்லாம் சுமை அல்ல. ஒழுங்காக வேலை செய்கிறவர், அளவும் தவணையும் எழுதிக் கேட்கும் வீட்டுக்காரரையே விரும்புவார். தமக்கு வர வேண்டிய பணம் தேதிக்கு வரும் என்ற உறுதி அவருக்கும் வேண்டுமல்லவா? பேனாவைக் கண்டதும் பின்வாங்குகிறவரை அன்றைக்கே விட்டுவிடுங்கள். நாமும் ஒரு நியாயம் காக்க வேண்டும்: கட்டம் முடிந்து என்ஜினீயர் சரி என்றால், அன்று மாலையே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். நம்மிடம் சரக்கு எடுத்தவர் தவணையை இழுத்தடித்தால் நமக்கு எப்படி இருக்குமோ, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலி கொடுக்க வேண்டிய அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.