மோட்டார் வண்டியின் மெருகும் அதனைக் காக்கும் முறையும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குதல் எளிது. வாங்கிய பொருளை அதன் இயல்பறிந்து பேணுதல் அரிது. ஒருகாலத்தில் செல்வர் மனைகளில் மட்டும் காணப்பெற்ற மோட்டார் வண்டி, இன்று நடுத்தரக் குடும்பத்தார் பலருடைய வாயிலிலும் நிற்கின்றது. பல ஆண்டுச் சேமிப்பும் கடனும் கொண்டு வாங்கப்பெறும் அவ்வண்டியின் இயந்திரத்தைக் கவனித்தற்குத் தொழில் வல்லார் உளர். அதன் புறத்து மெருகைப் பேணுதலோ பெரும்பாலும் வீட்டாரின் கையிலேயே உள்ளது. அதற்கு வேண்டிய ஆர்வமும் குறைவன்று. விடியற்காலையில் துணியும் கையுமாய் வண்டியைத் துடைப்போரை எத்தெருவிலும் காணலாம். ஆயினும் அவ்வார்வமே சில ஆண்டுகளில் மெருகைக் கெடுத்துவிடுகின்றது என்பதைப் பலர் அறியார். துடைக்கத் துடைக்க வண்டி மங்குவது ஏன்? பளபளப்பு என்பது யாது? அதனை வீட்டிலிருந்தே காப்பது எங்ஙனம்? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1. பூச்சின் அமைப்பு

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையுமே அதற்கும் தூரிகையாற் பூசினர். அடுக்கின்மேல் அடுக்காகப் பூசி உலர்த்தப் பல வாரங்கள் சென்றன. அமெரிக்க நாட்டில் டூபாண்ட் நிறுவனத்தார் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைக் கொண்டு ஆக்கிய ‘டூக்கோ’ என்னும் லாக்கர் பூச்சு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1924-ஆம் ஆண்டு மாதிரி ஓக்லண்டு வண்டிகளிற் பயன்பட்டபின், இந்நிலை மாறிற்று. பூச்சு விரைவில் உலர்ந்தது, நிறங்களும் பலவாயின.

அக்காலத்துப் பூச்சுகளுக்கு ஒரு குறை உண்டு. வெயிலிலும் காற்றிலும் அவற்றின் மேற்பரப்பு விரைவில் மங்கிச் சுண்ணம்போல் வெளுக்கும். அம்மங்கலைத் தேய்த்து நீக்கினால், அடியிலுள்ள புதிய நிறம் வெளிப்பட்டு ஒளிவிடும். நிறம் பூச்சின் ஆழம் முழுவதும் பரவியிருந்தமையால், அடிக்கடி பாலிஷ் இட்டுத் தேய்த்தல் அந்நாளில் நல்வழக்கமாகவே இருந்தது. வழக்கம் இன்றும் நிற்கின்றது, பூச்சோ மாறிவிட்டது.

1980-க்குப் பின் உலகெங்கும் பரவிய முறைப்படி, இன்றைய வண்டியின் உலோகத் தகட்டின்மேல் நான்கு அடுக்குகள் உள்ளன. துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியாற் படியவைக்கும் அடிப்பூச்சு முதலாவது. மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் பூச்சு இரண்டாவது. நிறத்தைத் தரும் பூச்சு மூன்றாவது. இவையனைத்தின் மேலும் நிறமின்றிக் கண்ணாடிபோல் நிற்கும் தெளிபூச்சு நான்காவது. நாம் மெருகு என்று கண்டு மகிழ்வது இந்நான்காவதன் மெருகையே. அது தன்னுள் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்களைக் கொண்டு, கீழுள்ள நிறத்தையும் காத்து நிற்கின்றது.

அதன் கனம் எவ்வளவு? பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை எனலாம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் கனமுடையது. ஆகவே வண்டியின் அழகெல்லாம் ஒரு மயிரிழையினும் மெல்லிய படலத்திலே தங்கியுள்ளது. அப்படலம் தேய்ந்தால் மீண்டும் வளராது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

2. பளபளப்பும் கீறலும்

சமமான பரப்பின்மேல் விழும் ஒளிக்கதிர்கள் ஒழுங்காகத் திரும்புகின்றன. அதனால் பரப்பிலே நம் முகமும் வானமும் தெளிவாகத் தோன்றுகின்றன. பரப்பிற் கீறல்கள் மிகுந்தால் கதிர்கள் பல திசைகளிற் சிதறும், உருவம் மங்கும். வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின்மேல், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமான கோடுகள் தோன்றுவதைப் பலர் கண்டிருக்கலாம். உண்மையில் அக்கீறல்கள் எத்திசையிலும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் நிலையில் அமைந்தவை மட்டுமே தெரிதலால், அவை வட்டமாய்த் தோன்றுகின்றன. கண்ணை நகர்த்தினால் வட்டமும் உடன் நகர்வதே இதற்குச் சான்று.

நீர் பட்டவுடன் மங்கிய வண்டியும் பளபளப்பதன் காரணமும் இதனால் விளங்கும். கீறலினுள் நீர் புகுந்து பரப்பைச் சமமாக்குகின்றது. உலர்ந்தபின் கீறல் மீண்டும் தோன்றுகின்றது. மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாற் சிலர் வண்டியைத் துடைப்பதும் இவ்வகையினதே. எண்ணெய் கீறலை மறைக்கின்றதேயன்றி நீக்குவதில்லை. மேலும், அது தூசியைத் தன்பால் ஒட்டவைத்து மறுநாட் கீறலுக்கு வழி தேடுகின்றது. மறைத்தல் வேறு, நீக்கல் வேறு என்பதைக் கடைச்சரக்கு வாங்கும்போதும் நினைவிற் கொள்ளுதல் நன்று. பாலிஷ் எனப் பெயரிட்டு விற்கப்பெறுவனவற்றுட் சில கீறலை நிரப்புவன. சில பரப்பைத் தேய்ப்பன.

3. மெருகின் பகைகள்

முதற்பகை தூசி. தெருப்புழுதியிற் பெரும்பகுதி மணல். மணலிற் பெரும்பகுதி படிகக்கல். மோஸ் என்பார் வகுத்த கடினத் தர வரிசையில் அதற்கு 7-ஆம் இடம். கண்ணாடியையே கீறவல்ல அத்துகளை, உலர்ந்த துணியால் மெல்லிய படலத்தின்மேல் நாள்தோறும் இழுத்தால் விளைவது யாது? துடைப்பவன் தூசியை நீக்குகின்றான் என்று எண்ணுகின்றான். அவன் செய்வதோ உப்புத்தாளிட்டுத் தேய்க்கும் வேலை. தூசி படிந்த வண்டியின்மேல் துணியுறை போர்த்தலும் அவ்வாறே. காற்றில் உறை அசையுந்தோறும் பரப்பு கீறப்படும்.

இரண்டாவது பறவை எச்சம். அது வெயிலில் உலர்ந்து இறுகும்போது, அதன் கீழுள்ள பூச்சும் வெப்பத்தால் இளகியிருக்கின்றது. மாலையிற் குளிர்ந்து சுருங்குகையில், எச்சத்தின் வடிவத்தையே பூச்சு அச்செனப் பற்றிக்கொள்ளும். எச்சத்திலுள்ள அமிலப் பொருள்களும் தம் வேலையைச் செய்யும். கோடையில் ஒருநாட் பொழுதிலேயே தழும்பு விழலாம். எனவே கண்டவுடன், நீரில் நனைத்த துணியை அதன்மேற் சில நிமிடம் வைத்து ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துவிடுதல் வேண்டும்.

மூன்றாவது உப்புநீர். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடத்தும் கடினநீராக உள்ளது. துளி உலர்ந்தபின் சுண்ணாம்பு உப்பு வெண்வளையமாய் நிற்கும். நாட்பட்டால் பூச்சினை அரிக்கவும் கூடும். புதிய வளையங்கள், வினிகருடன் சம அளவு நீர் கலந்து ஒற்றிக் கழுவினால் நீங்கும்.

நான்காவது நாம் நிழலென்று நம்பி அடையும் மரம். மாமரம் பூக்கும் பருவத்தில் அதன்கண் வாழும் தத்துப்பூச்சிகள் பாகுபோன்ற நீரைச் சொரிகின்றன. கீழே நிற்கும் வண்டியில் அது பிசுபிசுவென ஒட்டித் தூசியைப் பிடிக்கும். ஆயினும் நிழலை முற்றும் வெறுத்தல் ஆகாது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதனினும் கொடிது. மரநிழலினும் கொட்டகை நிழல் நன்று என்பதே முடிபு.

4. கழுவும் முறை

மெருகைக் காத்தலில் முக்காற்பங்கு கழுவும் முறையிலேயே அடங்கும். வண்டி நிழலில் நின்று, தகடு குளிர்ந்திருக்கும் வேளையே ஏற்றது; காலைப்பொழுது சிறந்தது. சூடான தகட்டில் ஷாம்பு நீர் உடனே உலர்ந்து கறையாகும்.

முதலில் கையோ துணியோ படாமல், நீரை மட்டும் மேலிருந்து கீழாகப் பாய்ச்சி மணலை ஓடவிடுக. பின்பு இரண்டு வாளிகளை வைத்துக்கொள்க. ஒன்றில் வண்டிக்கென விற்கப்பெறும் ஷாம்பு கலந்த நீர்; மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்துக் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவுக. ஒரு பகுதி முடிந்தவுடன் கையுறையை வெறும் நீரில் அலசி, அதன் மணலை அங்கே விட்டுவிட்டு, மீண்டும் ஷாம்பு நீருக்குச் செல்க. ஒரே வாளியைக் கொண்டு கழுவுவோர், எடுத்த மணலையே திரும்பவும் பூசுகின்றனர். சக்கரங்களுக்கு வேறு துணி, வேறு வாளி வேண்டும். அவற்றில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத்துகள் உள்ளது. துணி தோய்க்கும் சோப்புத் தூளும், கொழுப்பை நீக்குதற்கென்றே செய்த பாத்திரச் சோப்பும் காப்பு மெழுகையும் உடன் கழுவிவிடுமாதலின் விலக்கத்தக்கன.

கழுவியபின் காற்றில் உலரட்டும் என விட்டுவிடலாகாது. தடித்த, தூய மைக்ரோபைபர் துணியைப் பரப்பின்மேல் விரித்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்க. தரையில் விழுந்த துணியை, நன்றாகத் துவைத்தாலன்றி மீண்டும் வண்டியில் வைத்தல் கூடாது. வாரம் ஒருமுறை இவ்வாறு செய்தல், நாள்தோறும் உலர்துணியால் துடைப்பதினும் பன்மடங்கு நன்று. நீர் அருகிய காலத்திற் சில நாள் தூசியோடு விடுதலும் குற்றமன்று. படிந்திருக்கும் தூசி கீறுவதில்லை. தேய்க்கப்படும் தூசியே கீறும்.

5. மெருகேற்றும் முறை

கழுவியபின் மெல்லிய பிளாஸ்டிக் உறையினுள் கையை இட்டுப் பரப்பைத் தடவிப் பார்க்க. சொரசொரப்புத் தோன்றின், ஒட்டிய மாசு இன்னும் உள்ளதென்று பொருள். அதனை நீக்குதற்கென விற்கப்பெறும் களிமண் போன்ற கட்டியை, ஷாம்பு நீரால் வழுவழுப்பாக்கிய பரப்பின்மேல் மெல்ல உருட்டியோட்டினால் மாசு அதிற் பதிந்து வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிடுக. அதிற் பதிந்த ஒரு மணல் நூறு கீறலுக்குப் போதும்.

அதன்பின்னும் மங்கல் இருந்தால் மட்டுமே தேய்க்கும் பாலிஷ் வேண்டும். முதற்கண் மறைவானதோர் இடத்திற் சிறிது சோதித்துப் பார்க்க. வெண்துணியில் வண்டியின் நிறம் ஏறினால், அஃது ஒரே அடுக்குடைய பழையவகைப் பூச்சு. நிறம் ஏறாவிடின் தெளிபூச்சு உண்டு. நகத்தால் மெல்ல வருடும்போது நகம் சிக்கும் கீறல் பாலிஷால் தீராது. தீர்க்க முயலுதல் படலத்தை வீணே மெலியச் செய்வதாகும்.

இரண்டடிச் சதுரம் அளவான இடத்தை எடுத்துக்கொண்டு, மென்பஞ்சில் சிறிதளவே பாலிஷ் இட்டு, நேர்கோடாகவும் குறுக்காகவும் இலேசாகத் தேய்த்துத் துடைத்துப் பார்க்க. தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லிதாதலின் அங்கே கை ஓயட்டும். ஒரே அச்சிற் சுழலும் மின்பொறி ஓரிடத்தே வெப்பத்தை மிகுவித்துப் பூச்சைச் சுட்டுவிடக்கூடும். பழகாதோர் அதனைத் தொடாமை நலம். பற்பசையால் தேய்த்தல் போன்ற வைத்தியங்களும் தேய்மானமே.

இங்கே ஒரு சிறு கணக்கு. தெளிபூச்சின் கனம் 45 மைக்ரான் என்க. முரடான காம்பவுண்டால் ஒவ்வோராண்டும் 3 மைக்ரான் தேய்ப்பதாகக் கொள்வோம். ஐந்தாண்டில் 15 மைக்ரான், அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சிய படலம் வெயிலைத் தாங்காது வெளுத்துத் திட்டுத்திட்டாய் உரியத் தொடங்கும். பின்னர் எந்த மெழுகும் உதவாது. புதுப்பூச்சு ஒன்றே மருந்து. பாலிஷ் வேண்டுமா என்று நினைக்கும்போதெல்லாம் இக்கணக்கையும் நினைக்க.

6. காப்புப் பூச்சு

தேய்த்தல் செலவு, காப்பு வரவு. காப்புப் பொருள்கள் மூவகை. முதலாவது மெழுகு. அவற்றுட் புகழ்பெற்றது, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையினின்று எடுக்கப்பெறும் கார்னாபா. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். கார்னாபாவோ 80 பாகையைக் கடந்த பின்னரே உருகும். வறண்ட வெயிலில் தன் ஓலையின் ஈரத்தைக் காக்க அப்பனை சுரந்த பொருள், நம் வெயிலிலும் வண்டிக்குக் காப்பாகின்றது. எனினும் அது சில வாரங்களே நிற்கும். இரண்டாவது செயற்கைப் பாலிமர் காப்பு. இது சில மாதங்கள் நிற்கும். மூன்றாவது செராமிக் பூச்சு. சிலிக்கா சார்ந்த இது பூச்சோடு இறுகப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலையும் அதற்கேற்ப மிகும்.

செராமிக் பூச்சைப்பற்றி ஓர் எச்சரிக்கை. 9எச் கடினம் என்று விளம்பரங்களிற் கூறுவது, பரப்பைப் பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் வரிசையின் 9-ஆம் இடத்தோடு அதனை மயங்குதல் கூடாது. ஒரு சில மைக்ரான் கனமுள்ள அப்பூச்சு கல்லடியையும் மணற்கீறலையும் தடுக்கும் கேடயம் அன்று. அதன் பயன், மாசு ஒட்டாமற் செய்தலும் கழுவுதலை எளிதாக்கலுமே.

எக்காப்பாயினும், தூய்மையாக்கி உலர்த்திய குளிர்ந்த பரப்பின்மேல் மிக மெல்லிதாக இடல் வேண்டும். தாமரையிலைத் தண்ணீர்போலத் துளிகள் உருண்டோடும் வரை காப்பு உளது. துளிகள் பரந்து படியத் தொடங்கினால், காப்பினைப் புதுப்பிக்கும் காலம் வந்ததென அறிக.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின்: மெருகு என்பது நாம் தேய்த்து உண்டாக்குவதன்று, தொழிற்சாலையில் இடப்பெற்று நம் கைக்கு வந்த ஒரு முதல். நன்கு கழுவுதல் அம்முதலைக் காக்கும். காப்புப்பூச்சு அதற்கு அரணாகும். தேய்த்தல் அதிலிருந்து எடுத்துச் செலவிடுதலே. செலவே கூடாதென்பதன்று, வேண்டிய இடத்து வேண்டிய அளவே செய்க என்பதே கருத்து. ஆதலின் வண்டியுடையார் நாள்தோறும் உலர்துணி ஏந்துவதை விடுத்து, வாரம் ஒருமுறை இரு வாளியும் தூய கையுறையும் எடுப்பாராக. அங்ஙனம் செய்யின், பத்தாண்டு கழிந்த பின்னரும் அவ்வண்டியின் மேல் வானம் தெளிவாகத் தோன்றும்.