முடியை நேராக்குவதை நிறுத்த நினைக்கிறீர்களா?

'ரீபாண்டிங்' போன்ற முறைகளில் பயன்படும் ரசாயனம் முடியின் உள்ளமைப்பையே மாற்றிவிடுகிறது. எந்த எண்ணெய் தேய்த்தாலும், நேராக்கிய முடி பழைய நிலைக்குத் திரும்பாது. வேரிலிருந்து புதிதாக வளர்வதே உங்கள் இயற்கையான முடி. அது மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். தோள்வரை நீள 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். பொறுமை தேவை.

புதிய முடியும் நேராக்கிய முடியும் சேரும் இடம் எளிதில் உடையும். ஆகவே:

• அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மெதுவாகச் சிக்கெடுங்கள்.
• தலைக்குக் குளித்தபின் 'கண்டிஷனர்' தடவி அலசுங்கள்.
• கொண்டையை இறுக்கிக் கட்டாதீர்கள்.
• சூடான கருவிகளைத் தவிர்த்திடுங்கள்.
• சில மாதங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிடுங்கள். ஒரேயடியாகக் குட்டையாக வெட்ட வேண்டியதில்லை.

புதிய முடி நரைத்தோ மெலிந்தோ வளரக்கூடும். வயதாகும்போது அது இயல்பு. ஆனால், தலையில் புண் இருந்தாலோ முடி அளவுக்கு அதிகமாகக் கொட்டினாலோ, ரசாயனம்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் முடி கொட்டலாம். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள்.