பாதிக்கப்பட்டவர் அறிய வேண்டிய சட்டம்

குற்ற வழக்கு நீதிமன்றத்தில் 'அரசு எதிர் இன்னார்' என்றே அழைக்கப்படும். பொருளைப் பறிகொடுத்தவரின் பெயர் அதில் இராது. குற்றம் சமுதாயம் முழுவதற்கும் எதிரானது, ஆகவே அரசே வழக்கை நடத்துகிறது என்பது நம் சட்டத்தின் கொள்கை. கொள்கை சரியே. ஆனால் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாளோ ஒரு நாள் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்குவதோடு சரி. வழக்கு என்னவாயிற்று என்று அவருக்குச் சொல்வார் இல்லை.

இக்குறையை உலகம் உணர்ந்து, 1985ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு பிரகடனம் வெளியிட்டது. பாதிக்கப்பட்டோரைப் பரிவுடன் நடத்த வேண்டும், வழக்கின் போக்கை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவ உதவியும் மன ஆறுதலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. அதே ஆண்டில் நம் உச்ச நீதிமன்றமும், போலீசார் வழக்கை முடித்துவிடலாம் என்று அறிக்கை தந்தால், புகார் கொடுத்தவரைக் கேளாமல் நீதிபதி அதை ஏற்கலாகாது என்று தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் தெளிவாகப் பேசுகிறது. திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் பேருந்தில் சங்கிலி பறிபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். 'அது எங்கள் எல்லையன்று' என்று மதுரைக் காவல் நிலையத்தார் திருப்பி அனுப்ப இயலாது. புகாரைப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். நகல் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். வழக்கு எண் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பதிவு செய்ய மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பயனில்லையேல் நீதிபதியிடம் மனுச் செய்யலாம்.

விசாரணை எந்த அளவில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது போலீசாரின் கடமை. அரசு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினாலும், பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் நீதிமன்றம் அதற்கு இசையலாகாது.

உதவி என்பது பணம் மட்டுமா? அமில வீச்சுக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானோருக்கு அரசு மருத்துவமனை மட்டுமன்று, தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை அளித்தாக வேண்டும். குற்றவாளி அகப்படவே இல்லை என்றால்? அப்போதும் குற்றத்தால் காயமுற்று மறுவாழ்வு தேவைப்படுபவரோ, இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தாரோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது என்பதுதான் வருத்தம்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும் சிறுவர் சிறுமியர்க்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவிக்கு 181, சிறுவர் உதவிக்கு 1098. மாணவியர் இம்மூன்றையும் தம் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் அம்மாவிடமும் காட்டுவார்களாக.