சிசுவின் படுக்கையும் தலையணையும்

குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் முன்கூட்டியே தயார் செய்யப்படும் பொருள்களில் தலையணையும் ஒன்று. பாட்டிமார் பழம் புடவையைக் கிழித்துச் சிறு பை தைத்து, அதில் கடுகையோ இலவம் பஞ்சையோ நிரப்பி வைப்பது தமிழ்நாட்டில் பல பாகங்களிலும் காணப்படும் வழக்கம். கடுகுத் தலையணையில் படுத்தால் தலை உருண்டையாய் அமையும் என்பது நம்பிக்கை. சற்று வசதியுள்ள வீடுகளிலோ மெத்தை, தலையணை, இருபுறமும் அணைவாய் வைக்கும் சிறு திண்டுகள், கொசுவலை எல்லாம் சேர்ந்த தொகுதியாய்க் கடையில் வாங்கி வருகிறார்கள். தொட்டில் போடும் நாளன்று உறவினர் கொண்டுவரும் பஞ்சு பொம்மைகளும் போர்வைகளும் இவற்றின்மேல் குவிகின்றன. யாவும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆயினும், முதல் வருஷம் பூர்த்தியாகும் வரையில் தூங்கும் சிசுவின் படுக்கையில் இவற்றுள் தலையணையோ, திண்டோ, தளர்ந்த போர்வையோ, பொம்மையோ இருத்தலாகாது என்பது இக்காலத்து வைத்தியர்களின் தீர்ந்த அபிப்பிராயம். அதன் காரணங்களைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்து, தத்தம் வீட்டுப் பெரியவர்களோடு கலந்து பேசுதல் அவசியம். ஏனெனில் சிசுவை எங்கே, எப்படிப் படுக்க வைப்பது என்பதைப் பெரும்பாலும் தாய் மட்டும் தீர்மானிப்பதில்லை. மாமியாரும் பாட்டியுமே தீர்மானிக்கின்றனர்.

அபாயம் இருப்பது சுவாசத்தில். பிறந்த சிசுவின் தலை அதன் உடலை நோக்க மிகப் பெரியது, கழுத்தோ வலுவற்றது. முதல் சில மாதங்களில், முகத்தின்மேல் விழுந்த துணியைக் கையால் விலக்கவோ, பஞ்சில் புதைந்த மூக்கைத் திருப்பிக்கொள்ளவோ அதற்கு நிச்சயமான சக்தி இல்லை. மிருதுவான பொருளில் முகம் அழுந்துமாயின், மூக்கு முற்றும் அடைபடாவிட்டாலும், வெளியே விட்ட மூச்சு அங்கேயே தங்குகிறது. அதையே குழந்தை திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறது. அந்த மூச்சில் பிராண வாயு வரவரக் குறைந்து, கரியமில வாயு மிகுந்துகொண்டே போகும். வளர்ந்தவர்களாயின் திடுக்கிட்டு விழித்துப் புரண்டுவிடுவர். சில சிசுக்களுக்கு, விசேஷமாய் முதல் நாலு மாதங்களுக்குள், இந்த விழிப்பு உண்டாவதில்லை. அழுகை இல்லை, இருமல் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் ஒன்றும் தெரிவதில்லை. திடீர் சிசு மரணம் என்று 1969ல் வைத்தியர்கள் கூடிப் பெயரிட்ட மரணங்களில் பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே நேருகின்றன.

அமெரிக்காவில் கெம்ப், தாக் என்னும் இரு வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 1991ல் வெளியிட்டனர். இலேசான செயற்கை மணிகளை நிரப்பிய ஒருவகைச் சிசு மெத்தையில் குப்புறக் கிடந்து இறந்த குழந்தைகளைப் பற்றியது அவ்வாராய்ச்சி. மணிகள் முகத்தின் அமைப்புக்குத் தக்கபடி நெகிழ்ந்து குழிந்து கொடுப்பதால், விட்ட மூச்சு குழியிலேயே தேங்குகிறது என்று அவர்கள் காட்டினர். அடுத்த வருஷமே அவ்வகை மெத்தைகள் அந்நாட்டில் தடை செய்யப்பட்டன. மணி நிரப்பிய மெத்தைக்கும் கடுகு நிரப்பிய தலையணைக்கும் அளவில் பேதம் உண்டாயினும், தலைக்குத் தக்கபடி குழிந்து கொடுக்கும் குணம் இரண்டிற்கும் பொதுவே. பாட்டிமார் அதனிடம் மெச்சும் குணமும் அதுவே என்பது கவனிக்கத்தக்கது.

மல்லாந்து படுக்க வைத்தலே முறை

தமிழ்நாட்டுத் தாய்மார் சிசுவை மல்லாந்து படுக்க வைப்பதே பெரும்பான்மை வழக்கம். மேல்நாடுகளிலோ 1940களுக்குப் பின் குப்புறப் படுக்க வைப்பதே நன்று என்று வைத்திய நூல்கள் போதிக்கலாயின. கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்காமலிருக்கும் என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. 1980களின் இறுதி வரையில் இப்போதனை நீடித்தது. பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்று திரட்டிப் பரிசீலித்த இங்கிலாந்து நிபுணர் ரூத் கில்பர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும், குப்புறப் படுக்கையின் தீங்கு 1970லேயே தெளிவாகியிருக்கக் கூடுமென்றும், அப்போதே எச்சரித்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கு மேற்பட்டும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பிரதேசங்கள் அனைத்திலுமாகக் குறைந்தது 50,000மும் சிசுக்கள் பிழைத்திருக்குமென்றும் 2005ல் கணக்கிட்டனர். புத்தகத்தில் அச்சான உபதேசமாயினும் அத்தாட்சி கேட்காமல் கைக்கொண்டால் எவ்வளவு நஷ்டம் நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது அரிது.

ஹாலந்து தேசம் 1987லும், நியூஸிலாந்தும் பிரிட்டனும் 1991லும், அமெரிக்க வைத்தியர் சங்கத்தார் 1992லும் இப்போதனையை மாற்றி, மல்லாந்து படுக்க வைக்கும்படி ஜனங்களுக்கு அறிவித்தனர். அமெரிக்காவில் 1990ல் ஒரு லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 130 ஆக இருந்த திடீர் சிசு மரணம் 2020ல் சுமார் 38 ஆகக் குறைந்தது. இக்குறைவில் ஒரு பகுதி, மரணக் காரணத்தை வேறு தலைப்பில் பதிவு செய்ததால் ஏற்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். எனினும் பெரும்பகுதி மெய்யான குறைவே. அங்கு இன்றும் மிஞ்சியிருக்கும் மரணங்களை ஆராயும்போது தலையணை, போர்வை, மெத்தென்ற படுக்கை ஆகியவையே மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

பால் புரையேறும் என்ற பயம் இந்நாட்டுப் பாட்டிமாருக்கும் உண்டு. அது நியாயமான பயமே. ஆனால் உடலின் அமைப்பு அதற்கு மாறாயுள்ளது. மல்லாந்து படுத்திருக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக இருக்கின்றன. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழலில் புகுவதைவிடக் கீழேயுள்ள உணவுக்குழலில் திரும்ப இறங்குவதே எளிது. குப்புறக் கிடந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஆகையால் பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, பிறகு மல்லாந்து கிடத்துவதே போதுமானது. தலையை உயர்த்தத் தலையணை வேண்டியதில்லை. தலையணை வைத்தால் மோவாய் மார்பில் படிந்து, மூச்சு செல்லும் வழி மடிந்து குறுகும்.

எவ்வயதில் எது ஆகும்

ஒரு வயது நிறையும் வரையில் சமமான கெட்டிப் படுக்கை, அதன்மேல் சுருக்கமின்றி இறுக விரித்த பருத்தித் துணி, அதில் மல்லாந்த குழந்தை: இவ்வளவே வேண்டுவது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் தங்காத படுக்கையே கெட்டிப் படுக்கை. இவ்விஷயத்தில் ஏழையின் கோரைப்பாய் பணக்காரரின் இலவம் பஞ்சு மெத்தையிலும் மேலானது. ஈரமும் பூச்சி பொட்டும் அணுகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியதும், கொசுவலை கட்டினால் அது தளர்ந்து முகத்தில் விழாதபடி கட்டவேண்டியதும் உண்மையே.

மூன்று நாலு மாதத்தில் சிசு புரள முயல்கிறது. துணியில் சுற்றிக் கட்டும் வழக்கமுள்ளவர்கள் அம்முயற்சி தென்பட்ட அன்றே அதை நிறுத்திவிட வேண்டும்; கைகட்டுண்ட குழந்தை குப்புற விழுந்தால் நிமிர வழியில்லை. புரளக் கற்றுவிட்டது, இனிப் பயமில்லை, ஒரு தலையணை வைக்கலாம் என்று எண்ணுவோர் பலர். இது பெருந்தவறு. அமெரிக்காவில் 24 மாகாணங்களில் தூக்கத்தில் இறந்த 8,207 சிசுக்களின் விவரங்களை ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். நாலு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணங்களில், போர்வை, தலையணை, பஞ்சு பொம்மை முதலிய பொருள்கள் படுக்கையில் கிடந்தமை, நாலு மாதத்துக்குட்பட்டவற்றில் கண்டதைவிட அதிகமாயிருந்தது. புரளும் வலிமை வந்த குழந்தை அப்பொருளை நோக்கிப் புரள்கிறது. அதினின்றும் விலகும் புத்தி அதற்கு இன்னும் வரவில்லை. தானாகக் குப்புறப் புரண்டு தூங்கும் குழந்தையை, அது இருபுறமும் தாராளமாய்ப் புரளக்கூடியதாயின், இரவு முழுதும் விழித்திருந்து திருப்பிப்போட அவசியமில்லை. படுக்க வைக்கையில் மல்லாந்து வைத்து, சுற்றிலும் ஒன்றுமின்றிப் பார்த்துக்கொண்டால் போதும்.

பன்னிரண்டு மாதம் நிறைந்தபின் மெல்லிய சிறு பருத்திப் போர்வையும், சிறிய பஞ்சு பொம்மை ஒன்றும் கொடுக்கலாம். பொம்மையில் பொத்தான் கண்களோ, நீண்ட நாடாவோ இருத்தலாகாது. பிய்த்து வாயில் போடுதலும், கழுத்தில் சுற்றிக்கொள்ளுதலும் அவ்வயதின் தொழில். தலையணைக்கு அவசரமே இல்லை. ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் என்பது வைத்தியர் பலரின் அபிப்பிராயம். அப்போதும் தட்டையாயும் கெட்டியாயும் இருப்பது வேண்டும். கனத்த கம்பளியும், பெரியவர்களின் ரஜாயும் இன்னும் சில வருஷம் பொறுக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், கழுத்து நிற்பதும் புரள்வதும் தாமதப்பட்ட குழந்தைக்கும் இவ்வயதுக் கணக்கை அப்படியே கொள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்டு நடத்தல் வேண்டும்.

போர்வையின்றிக் குளிருக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். சமவெளி ஜில்லாக்களில் வருஷத்தின் பெரும்பகுதியும் சிசுவுக்கு ஆபத்து குளிரினால் அன்று, உஷ்ணத்தினால். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பீட்டர் பிளெமிங் என்னும் வைத்தியரும் கூட்டாளிகளும் 1990ல் வெளியிட்ட ஆராய்ச்சி, குப்புறப் படுக்கையோடு மிகையான போர்வையும் கனத்த உடுப்பும்கூடத் திடீர் மரணத்துக்கு ஏதுவாகும் என்று காட்டிற்று. சிசு தன் உடல் உஷ்ணத்தை மிகுதியும் தலை வழியாயும் முகத்தின் வழியாயும் வெளிவிடுகிறது. ஆதலின் வீட்டுக்குள் தூங்குகையில் குல்லாய் வேண்டாம். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களிலும், மார்கழி தை இரவுகளிலும், போர்வைக்குப் பதிலாய் உடுப்பைக் கூட்டுவதே வழி: பெரியவர் ஒருவர் அணிவதற்கு மேல் ஒரு சட்டை அதிகம். கையும் காலும் சில்லென்றிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்ப்பதே பரீட்சை. அங்கே வியர்வை இருந்தால் உடுப்பைக் குறைக்கவேண்டும். எடை குறைந்து பிறந்த சிசுவுக்கோ உஷ்ணம் அவசியமே. அதற்குத் தாய் விழித்திருந்து தன் வெற்று மார்போடு அணைத்துக் காக்கும் முறை 1978 வாக்கில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியிருக்கிறது. அதனை ஆஸ்பத்திரியிலேயே கற்பிக்கிறார்கள்.

தலையின் அமைப்பைப் பற்றி: மல்லாந்தே படுத்தால் பின்தலை சற்றுத் தட்டையாவது உண்டு. லேசான தட்டை, குழந்தை உட்காரத் தொடங்கியபின் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒருநாள் தலைமாடு கிழக்கும் மறுநாள் மேற்குமாக மாற்றிப் படுக்க வைத்தால், முகம் ஒரே பக்கம் திரும்பியிராது. விழித்திருக்கும் வேளையில், பார்த்துக்கொள்ள ஆளிருக்கும்போது, தினம் சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டவேண்டும். கழுத்து வலுப்படுவதற்கும் இதுவே உபாயம். கடுகு தாளிக்க உதவும். தலையை வளைக்க அதற்குச் சக்தி உண்டென்று நிரூபணமில்லை. தையல் விட்டால் கடுகு மூக்கிலும் காதிலும் புகும் தொல்லையும் உண்டு.

தூளியும் தாயின் பாயும்

புடவைத் தூளி இந்நாட்டுக் குழந்தைகள் யாவரும் வளர்ந்த இடம். அதை வேண்டாமென்றால் கேட்பார் இல்லை. எனினும் அதன் குறையை மறைப்பதும் முறையன்று. துணி வளைந்து கொடுப்பதால் குழந்தையின் முதுகு வளைந்து, மோவாய் மார்பில் படியக்கூடும். துணியின் இருபுறமும் முகத்தருகே கூடிவிடும். அழுகையை அமர்த்தத் தூளியில் ஆட்டுவோர், பக்கத்திலேயே ஒருவர் இருந்து, குறுக்குக் கட்டை வைத்துத் துணியை விரித்து, முகம் வெளியே தெரியும்படி கவனித்து, தூங்கியபின் பாயில் மல்லாந்து கிடத்திவிடுவது நலம். இரவு முழுவதற்கும் தூளி ஆகாது. அதற்குள் தலையணை, போர்வை எக்காரணத்தாலும் கூடாது.

தாய்க்குக் கையெட்டும் தூரத்தில், அதே அறையில், தனிப் பாயில் சிசு உறங்குவதே உத்தமம். தாய்ப்பால் ஊட்டவும் அது வசதி. தாய்ப்பால் இவ்வகை மரணத்தைக் குறைப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். ஒரே பாயில் படுக்கவேண்டிய குடும்பங்களில் தாயின் தலையணையும் போர்வையும் சிசுவின் பக்கம் வராதபடி ஒதுக்குவதும், பீடி சுருட்டுப் பிடிப்பவரும் மது அருந்தியவரும் அப்பாயில் படுக்காதிருப்பதும் அவசியம். சாய்வு நாற்காலியில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் அபாயமானது. நியூஸிலாந்தின் பூர்விகக் குடிகளான மாவோரிகளும் சிசுவோடு ஒரே படுக்கையில் உறங்கும் வழக்கத்தினரே. அவ்வழக்கத்தைக் கண்டிப்பதில் பயனில்லை என்றுணர்ந்த அந்நாட்டு வைத்தியரும் முடைவோரும் சேர்ந்து, நீண்ட இலையுள்ள நாட்டுச் செடியின் ஓலையால் முடைந்த, தட்டையான அடியுடைய சிறு கூடையை 2006 வாக்கில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வஹகுரா என்பது அதன் பெயர். அதில் சிசுவைக் கிடத்தித் தாயின் படுக்கையிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் போர்வையும் தேகமும் அதன்மேல் படியா. பாயும் கூடையும் முடைவோர் நிறைந்த கிராமங்களில் உள்ள சங்கங்கள் இவ்வுதாரணத்தைச் சற்று ஆலோசிக்கலாம்.

கைத்தறிச் சங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. தொட்டில் போடும் வைபவத்துக்கு அங்கத்தினர் பரிசளிக்க விரும்பினால், தலையணையும் திண்டும் சேர்ந்த தொகுதிக்குப் பதிலாய், நாலு மெல்லிய பருத்தி விரிப்புகளும், இரண்டு முழங்கை மூடிய பருத்திச் சட்டைகளும் செலவில் அடங்கும். தொகுதியாகவே வந்து சேர்ந்துவிட்டால், திண்டுகளைப் பெரியவர்கள் உபயோகித்துக் கொள்ளலாம். பஞ்சு பொம்மைகளைப் பகலில் குழந்தை விழித்திருக்கையில் கையில் கொடுத்து, கண் சொக்கும்போது எடுத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும்.